வால்வெள்ளிகள்: டர்பன் முதல் கேப் டவுன் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரியில், பொங்கலை ஒட்டிய வாரங்களில் மேற்கு வானில் ஒரு வால்வெள்ளி தெரிந்தது. அப்போது கோவில் வாசலிலும் தமிழ் வகுப்பிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே வைத்திருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை. எந்தக் கேள்வியில் பார்க்க வேண்டும் என்று எண் கொடுத்திருக்கிறோம்.

1. வால்நட்சத்திரமும் எரிநட்சத்திரமும் ஒண்ணுதானே?

இல்லை. எரிநட்சத்திரம் ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு மூன்று நொடி. கோடு கிழித்தாற்போல் ஓடி மறைந்துவிடும். மணல் பருக்கை அளவுள்ள தூசி நம் காற்று மண்டலத்துக்குள் பாய்ந்து, தலைக்கு மேல் சுமார் 100 கி.மீ. உயரத்தில் எரிவதுதான் அது. வால்வெள்ளி கோடிக்கணக்கான கி.மீ. தள்ளி இருக்கிறது. அது நகர்வது கண்ணுக்குத் தெரியாது. இன்று ஒரு விண்மீனுக்குப் பக்கத்தில் இருக்கும். நாளை அதே நேரத்துக்குப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நிற்கும். நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தெரியும்.

"சட்டுன்னு ஓடிச்சு" என்று யாராவது சொன்னால் அவர் பார்த்தது எரிநட்சத்திரம். பெயரில் இருந்தாலும் இரண்டுமே நட்சத்திரம் அல்ல. ஆனால் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. அது 8ஆம் கேள்வியில் வருகிறது.

2. அப்போ அது எதால ஆனது? நெருப்பா?

நெருப்பே இல்லை. நடுவில் இருப்பது பனியும் தூசியும் கலந்து உறைந்த ஒரு கட்டி. அதைக் கரு என்கிறோம். பெரும்பாலும் தண்ணீர்ப் பனி; கூடவே உறைந்த கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, கொஞ்சம் அம்மோனியா, மெத்தனால், நிறையக் கல்தூசி, தார் போன்ற கரிமப் பொருள்கள். "அழுக்குப் பனிக்கட்டி" என்ற விளக்கத்தை 1950இல் கொடுத்தவர் வானியலாளர் ஃபிரெட் விப்பிள்.

1986 மார்ச் 14 அன்று ஜோட்டோ விண்கலம் ஹாலி என்ற வால்வெள்ளியின் கருவுக்கு 600 கி.மீ. தொலைவு வரை போய்ப் படம் எடுத்தது. 15 கி.மீ. நீளம், 8 கி.மீ. அகலம், உருளைக்கிழங்கு வடிவம். வெள்ளைப் பனியை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது நிலக்கரி போன்ற கறுப்பு. தன்மேல் விழும் ஒளியில் 4 விழுக்காட்டைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. 2014இல் ரொசெட்டா விண்கலம் 67பி என்ற வால்வெள்ளியை அடைந்து, அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் பாதிதான் என்று அளந்தது. அந்தக் கட்டியை ஒரு கடலில் போட முடிந்தால் மிதக்கும். உள்ளே அவ்வளவு பொந்து.

3. வேகமா ஓடுறதால வால் பின்னால புகை மாதிரி நீளுதா?

இந்தத் தவறு எல்லோருக்கும் வருவது, ஏனென்றால் ரயில் புகையும் மோட்டார் படகின் நுரையும் அப்படித்தான். ஆனால் அங்கே உராய்வதற்குக் காற்று இல்லை. வாலைத் தள்ளுவது சூரியன். ஆகவே வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். சூரியனை நெருங்கும்போது வால் பின்னால் வரும். சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போது வால் முன்னே செல்ல, தலை அதன் பின்னால் போகும்.

நடப்பது இதுதான். சூரியனிலிருந்து சுமார் 45 கோடி கி.மீ. தூரத்துக்குள் வந்ததும் தண்ணீர்ப் பனி உருகாமல் நேராகவே ஆவியாகிறது. கற்பூரம் கரைவது போல. ஆவி தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறி, கருவைச் சுற்றி லட்சம் கி.மீ. அளவில் ஒரு மூட்டமாகிறது. அதுதான் தலை. தூசியைச் சூரிய ஒளியின் அழுத்தமே மெல்லத் தள்ளுவதால் ஒரு வால் வளைந்து, அகன்று, மஞ்சள் வெண்மையாக இருக்கும். மின்னேற்றம் பெற்ற வாயுவை, நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் அடிக்கும் சூரியக் காற்று வாரிக்கொண்டு போவதால் இன்னொரு வால் நேராக, நீலமாக இருக்கும். சூரியக் காற்று என்று ஒன்று இருக்கிறது என்பதையே 1951இல் லுட்விக் பியர்மான் இந்த நீல வால்களைப் பார்த்துத்தான் ஊகித்தார். விண்கலம் எதுவும் பறக்காத காலம் அது.

4. படத்துல தலை பச்சை, வால் பச்சையா இல்லையே, ஏன்?

தலையில் இரட்டைக் கார்பன் மூலக்கூறு உண்டாகிறது; சூரிய ஒளி படும்போது அது பச்சையாக ஒளிர்கிறது. அதே சூரிய ஒளி அதை இரண்டு நாளுக்குள் உடைத்துவிடுகிறது. வால் வரை போய்ச் சேர அதற்கு ஆயுள் இல்லை. வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் இந்தப் பச்சை தெரியாது, கேமராவுக்குத்தான் தெரியும்.

5. இதெல்லாம் எங்கிருந்து வருது?

இரண்டு கிடங்குகள் இருக்கின்றன. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான 15 கோடி கி.மீட்டரை ஓர் அலகாக வைத்துக்கொள்ளுங்கள். நெப்டியூனுக்கு அப்பால், 30 முதல் 50 அலகு தூரத்தில் தட்டு வடிவில் இருப்பது கைப்பர் வளையம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் குறுகிய கால வால்வெள்ளிகள் அந்தப் பக்கத்திலிருந்து வருபவை. மற்றது ஊர்ட் மேகம். 1950இல் யான் ஊர்ட் கணக்கிட்டுச் சொன்னது. சூரியக் குடும்பத்தை எல்லாப் பக்கமும் கோளமாகச் சூழ்ந்து, சுமார் 1 லட்சம் அலகு தூரம் வரை பரவியிருக்கிறது. ஒளியே அந்த விளிம்பை எட்ட ஒன்றரை ஆண்டு ஆகும். பக்கத்து விண்மீன்களின் ஈர்ப்பும் பால்வெளியின் ஈர்ப்பும் எப்போதாவது அங்கிருந்து ஒன்றைச் சற்றே அசைத்துவிட, அது உள்நோக்கி விழத் தொடங்குகிறது.

ஆனால் இவை அங்கேயே பிறந்தவை அல்ல. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் வியாழன், சனி போன்ற கோள்கள் உருவானபோது சேராமல் மிஞ்சிய பனிக்கட்டிகள் இவை. அந்தக் கோள்களின் ஈர்ப்பு பலவற்றை ஊர்ட் மேகத்துக்குத் தூக்கி எறிந்தது. எறியப்பட்ட இடம் கடுங்குளிர் என்பதால் கெடாமல் இருக்கின்றன. முழுக்க முழுக்கக் குளிரிலேயே செய்யப்பட்டவையும் அல்ல: ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006இல் வைல்ட் 2 வால்வெள்ளியின் தூசியைப் பூமிக்குக் கொண்டுவந்தபோது, அதில் 1000 டிகிரிக்கு மேல் வெந்தால்தான் உண்டாகும் கனிமங்கள் இருந்தன. சூரியனுக்கு அருகே வெந்த தூசியும் தொலைவில் உறைந்த பனியும் ஒரே கட்டியில் இருக்கின்றன. இந்தத் துறையில் இதைவிட வியப்பான செய்தி இல்லை என்பது எங்கள் எண்ணம்.

6. தமிழ் வகுப்புல பிள்ளைங்களுக்கு ஒண்ணு செஞ்சு காட்ட முடியுமா?

முடியும். வேண்டியவை: தண்ணீர் 2 கப், பொடித்த டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) 2 கப், தோட்டத்து மண் 2 மேசைக்கரண்டி, வீடு துடைக்கும் அம்மோனியா சில துளி, கோல்டன் சிரப் ஒரு கரண்டி. ஒரு பெரிய கிண்ணத்துக்குள் குப்பைப் பையை விரித்து, டிரை ஐஸ் தவிர மற்றதை அதில் கலக்குங்கள். டிரை ஐஸைத் தடித்த துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, உப்புக்கல் அளவுக்கு உடைத்துக் கொட்டி, மரக்கரண்டியால் கிளறுங்கள். கிட்டத்தட்ட உறைந்ததும் பையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து உருண்டையாக்குங்கள். பையை நீக்கினால் கரடுமுரடான கறுப்புக் கட்டி. ஆங்காங்கே சீறிக்கொண்டு ஆவி பீய்ச்சும். ஹாலியின் படத்தில் தெரிவதும் இதே மாதிரிப் பீய்ச்சல்தான். டார்ச் அடித்து, ஹேர் டிரையரால் ஒரு பக்கமிருந்து ஊதினால் வால் எந்தப் பக்கம் போகும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

எங்கே கெடும்? தண்ணீர் கூடினால் கஞ்சியாகவே நிற்கும்; இன்னும் கொஞ்சம் டிரை ஐஸ் போடுங்கள். துண்டுகள் பெரிதாக இருந்தால் ஒட்டாமல் உதிரும். முதல் நாளே வாங்கி வைத்தால் காலையில் பாதி காணாமல் போயிருக்கும். டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி: வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும், தடித்த கையுறை கட்டாயம். பாட்டிலிலோ மூடிய டப்பாவிலோ அடைத்தால் வெடிக்கும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், காரில் கொண்டுவரும்போதும். கடைசியாக உருண்டை பிடிக்கும் வேலையைப் பெரியவர் ஒருவர் செய்யட்டும், பிள்ளைகள் இரண்டடி தள்ளி நிற்கட்டும்.

7. 'சி/2023 ஏ3' மாதிரி பேரு வைக்கிறாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?

'சி' என்றால் திரும்ப 200 ஆண்டுக்கு மேல் ஆகும், அல்லது திரும்பவே வராது. 'பி' என்றால் குறுகிய காலத்தில் திரும்புவது. 'டி' என்றால் அழிந்தது அல்லது தொலைந்தது. 'ஐ' என்றால் வேறு விண்மீனிடமிருந்து வந்தது. பிறகு கண்ட ஆண்டு. பிறகு ஆண்டை 24 அரை மாதங்களாகப் பிரித்து ஓர் எழுத்து. ஏ என்றால் ஜனவரி முதல் பாதி, ஒய் என்றால் டிசம்பர் பின்பாதி. கடைசி எண், அந்த அரை மாதத்தில் எத்தனையாவது என்பது.

ஆக சி/2023 ஏ3, 2023 ஜனவரி முதல் பாதியின் மூன்றாவது. சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் ஆய்வகம் ஜனவரி 9 அன்று கண்டது. பிறகு கைவிட்டுப் போய், பிப்ரவரி 22 அன்று நம் நாட்டின் சதர்லாந்தில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியில் மறுபடி அகப்பட்டது. அதனால்தான் சூசின்ஷான்-அட்லஸ் என்று இரட்டைப் பெயர்.

8. ஹாலி மறுபடி எப்போ வரும்?

2061 ஜூலை 28 அன்று சூரியனுக்கு மிக அருகே இருக்கும். சராசரியாக 76 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தவை ஒரே பொருள் என்று எட்மண்ட் ஹாலி 1705இல் எழுதினார். 1758இல் திரும்பும் என்றும் சொன்னார். அவர் 1742இல் இறந்தார். 1758 கிறிஸ்துமஸ் இரவில் ஜெர்மனியில் ஓர் உழவர், யோகான் பாலிட்ச், அதைக் கண்டார்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஹாலி வழியெங்கும் சிந்திவிட்டுப் போன தூசிப் பாதையைப் பூமி ஆண்டுக்கு இருமுறை கடக்கிறது. மே 5, 6 தேதிகளை ஒட்டி ஈட்டா அக்குவாரிட் எரிநட்சத்திர மழை. அக்டோபர் 21ஐ ஒட்டி ஓரியானிட். மே மாதத்து மழை வட நாடுகளைவிட நமக்கு நன்றாகத் தெரியும். விடியற்காலை 3 மணி முதல் 5 மணி வரை கிழக்கு, வடகிழக்குப் பக்கம் பாருங்கள். அந்த ஒவ்வொரு கோடும் ஹாலியின் ஒரு துணுக்கு.

9. எங்க கொள்ளுத்தாத்தா 1910ல பட்டப்பகல்லயே ஹாலியைப் பார்த்தாராம். உண்மையா?

பார்த்தது உண்மையாகவே இருக்கலாம், பெயர்தான் மாறியிருக்கும். 1910இல் இரண்டு வந்தன. முதலாவது யாரும் எதிர்பாராதது. ஜனவரி 12 அன்று விடியுமுன் டிரான்ஸ்வால் சுரங்கத் தொழிலாளர்கள் அதைக் கண்டார்கள். ஜோகன்னஸ்பர்க் வானாய்வகத்தில் ராபர்ட் இன்னஸ் 17ஆம் தேதி உறுதி செய்தபோது, அது சூரியனுக்குப் பக்கத்திலேயே பகலில் தெரிந்தது. ஹாலி வந்தது அதற்குப் பிறகு. பல நாடுகளில் பெரியவர்கள் "ஹாலி" என்று சொல்லி வந்தது அந்த ஜனவரி வால்வெள்ளியைத்தான்.

வீட்டில் வழங்கும் கதையைச் சோதிக்க எளிய வழி: எந்த மாதம், எந்த வேளை என்று பாருங்கள். பகலில், அல்லது கோடை நடுவில் என்றால் ஜனவரி வால்வெள்ளி. குளிர் தொடங்கும் நேரம், விடியுமுன் கிழக்கே நீண்ட வால் என்றால் மே மாதத்து ஹாலி. அந்த மே மாதம் ஹாலி நம் அரைக்கோளத்துக்கு நல்ல இடத்தில் இருந்தது. நேட்டாலில் விடியுமுன் எழுந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். 1986இலும் ஏப்ரலில் அது தென்வானில்தான் இருந்தது, ஆனால் 1910 போலப் பிரகாசமாக இல்லை.

10. நம்ம நாட்டுல யாராவது கண்டுபிடிச்சிருக்காங்களா?

நிறையப் பேர். மிகப் பெரியது 1882 செப்டம்பரில் வந்தது. கேப் ராயல் வானாய்வகத்தில் வில்லியம் ஃபின்லே அதை ஆரம்ப நாள்களிலேயே பதிவு செய்தார். 17ஆம் தேதி அது சூரியனின் விளிம்பைத் தொட்டு மறைவதைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தார். நேட்டாலுக்கு நம்மவரை ஏற்றிய முதல் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16 அன்று வந்தது. அடுத்த ஆண்டிலேயே, 1861இல், ஒரு பெரும் வால்வெள்ளி தென்வானில் தெரிந்தது. 22 ஆண்டுக்குள் இப்படி இரண்டு.

1882 வால்வெள்ளியால் வானியலே திசை மாறியது. ஆய்வகத் தலைவர் டேவிட் கில், உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரின் கேமராவைத் தொலைநோக்கி மேல் கட்டி, நீண்ட நேரம் திறந்து வைத்துப் படம் எடுத்தார். வால்வெள்ளியோடு பின்னணி விண்மீன்களும் ஏராளமாக விழுந்திருந்தன. விண்மீன்களைக் கையால் குறிப்பதை விட்டுப் படத்தாலேயே பட்டியலிடலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. கேப்பில் எடுத்த படங்களை நெதர்லாந்தில் யாகோபஸ் காப்டைன் அளந்து முடித்த பட்டியலில் 4,54,875 விண்மீன்கள் இருந்தன.

பிறகு பிரிட்டோரியாவின் ஜாக் பென்னட். தொழில்முறை வானியலாளர் அல்ல. 5 அங்குலத் தொலைநோக்கியால் வானத்தைத் துழாவி, 1969 டிசம்பர் 28 அன்று ஒன்றைக் கண்டார். அதுவே 1970 மார்ச்சில் உலகமே பார்த்த பென்னட் வால்வெள்ளி.

11. 'வால்நட்சத்திரம் வந்தா நாட்டுக்கு ஆகாது'ன்னு எங்க ஆயா சொல்வாங்க. முன்னோர் சும்மாவா சொன்னாங்க?

சும்மா சொல்லவில்லை, பார்த்துத்தான் சொன்னார்கள். ஆண்டு தவறாமல் ஒழுங்காகச் சுழலும் வானத்தில், கணக்குக்கு அடங்காமல் ஒன்று வந்து நின்றால் யாருக்கும் மனம் கலங்கும். தமிழில் அதற்குத் தூமம், புகைக்கொடி என்று பெயர். சமஸ்கிருதத்தில் தூமகேது. பழைய வானியலாளர் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் கேதுக்களுக்கென்றே ஓர் அதிகாரம் எழுதி, நிறம், வடிவம், திசை வாரியாகப் பலன் பிரித்திருக்கிறார். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் அதை வானப்பொருளாகவே ஏற்கவில்லை. மேல்காற்றில் பற்றி எரியும் ஆவி என்றார். ஏறக்குறைய 1,900 ஆண்டு ஐரோப்பா அதை நம்பியது. 1577இல் டைகோ பிராகி, தன் தீவில் பார்த்த இடத்தையும் பிராகா நகரில் மற்றவர்கள் பார்த்த இடத்தையும் ஒப்பிட்டு, அது நிலாவைவிடத் தொலைவில் இருப்பதாகக் காட்டினார். பக்கத்தில் இருந்தால் இரு ஊரிலிருந்தும் பார்க்கையில் இடம் மாறித் தெரிந்திருக்க வேண்டும். கட்டைவிரலை நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் இந்தச் சோதனை விளங்கும்.

பலன் பலித்ததா என்பதற்கு 1066 ஒன்று போதும். ஹாலி வந்தது, இங்கிலாந்தின் ஹரால்டு செத்தான், வில்லியம் முடிசூடினான். ஒரே வால்வெள்ளி ஒருவனுக்குக் கேடு, ஒருவனுக்கு வெற்றி. 1910 மே 6 அன்று ஏழாம் எட்வர்டு இறந்தபோது ஹாலி வானில் இருந்தது. அதே மாதம் 31 அன்று தென்னாப்பிரிக்க ஒன்றியம் பிறந்தது. எதை எதோடு முடிச்சுப் போடுவது?

நம்மவரிலும் பழைய மாற்றுக்குரல் உண்டு. புறநானூறு 117ஆம் பாட்டில் கபிலர், சனி புகைந்தாலும் தூமம் தோன்றினாலும் வெள்ளி தெற்கே ஓடினாலும் பாரியின் நாட்டில் மழை பொய்த்ததில்லை என்கிறார். ஆயாவிடம் வாதாட வேண்டாம். இந்தப் பாட்டைச் சொல்லுங்கள்.

12. கர்ப்பிணிங்க பார்க்கலாமா? 2024ல சரியா புரட்டாசியில வந்துச்சே, விசேஷமா?

தாராளமாகப் பார்க்கலாம். அதிலிருந்து வருவது அங்கே படும் சூரிய ஒளியும் கொஞ்சம் வாயுவின் ஒளிர்வும்தான். நிலவொளி செய்யாத எதையும் அது செய்யாது. சாப்பாட்டை மூடிவைக்கவும் வேண்டாம். எச்சரிக்கை ஒன்றே ஒன்று: சூரியனுக்கு ஒட்டினாற்போல் இருக்கும்போது பைனாகுலரால் தேடக் கூடாது. தப்பித்தவறிச் சூரியன் உள்ளே விழுந்தால் கண் போய்விடும்.

2024இல் வந்த ஏ3 புரட்டாசியில் தெரிந்தது. 2025இல் வந்த ஜி3 (தொடக்கத்தில் சொன்ன ஜனவரி வால்வெள்ளி) போகியன்று, ஜனவரி 13, சூரியனை நெருங்கியது. பன்னிரண்டு மாதமும் நமக்கு ஏதாவது விசேஷம் இருக்கிறது. எப்போது வந்தாலும் ஒன்றில் விழும். விரதம் இருப்பவர்கள் அதன்போக்கில் இருக்கலாம்.

13. வால்ல விஷ வாயு இருக்காமே? பூமி அதுக்குள்ள போனா?

இருக்கிறது, ஆனால் அளவைப் பாருங்கள். 1910இல் ஹாலியின் வாலில் சயனோஜன் என்ற விஷ வாயு இருப்பது, அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. மே 18, 19 தேதிகளில் பூமி அந்த வால் வழியே போகும் என்று செய்தி பரவ, பல ஊர்களில் மக்கள் சாவித் துவாரங்களை அடைத்தார்கள். "வால்வெள்ளி மாத்திரை" விற்றவர்களும் உண்டு. ஒன்றும் நடக்கவில்லை. 1861 வால்வெள்ளியின் வாலுக்குள்ளும் பூமி புகுந்து வந்தது.

வால் பல கோடி கி.மீ. நீளம் என்றாலும், ஆய்வுக்கூடத்தில் நாம் உண்டாக்கும் வெற்றிடத்தைவிட மெலிந்தது. அதன் ஊடே பின்னால் உள்ள விண்மீன்கள் மங்காமல் தெரியும். அந்த வாயு நம் காற்றைத் தாண்டித் தரைக்கு வர வழியே இல்லை.

14. வாலு சரி, தலையே மோதினா?

அது உண்மையான அபாயம், ஆனால் மிக அரிது. 1994 ஜூலை 16 முதல் 22 வரை ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்வெள்ளி துண்டு துண்டாக வியாழனில் மோதியதை உலகமே பார்த்தது. சில தழும்புகள் பூமியைவிடப் பெரியவை. நம் நாட்டிலேயே ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தென்மேற்கே சுமார் 120 கி.மீ. தூரத்தில் இருக்கும் விரடஃபோர்ட் குவிமாடம் சுமார் 202 கோடி ஆண்டுக்கு முந்தைய மோதலின் அடையாளம். மோதியது சிறுகோளாக (சூரியனைச் சுற்றும் பாறைக் கட்டி) இருக்கும் என்பதே பொதுக் கருத்து.

பூமியை நெருங்கும் பொருள்களில் வால்வெள்ளிகள் மிகச் சிறு பங்கு. சிக்கல் வேறு இடத்தில்: சிறுகோளின் பாதையைப் பல்லாண்டு முன்பே கணக்கிடலாம், ஊர்ட் மேகத்திலிருந்து வருவது திடீரென்று தெரியும். 2013 ஜனவரியில் கண்ட சைடிங் ஸ்பிரிங், 2014 அக்டோபரிலேயே செவ்வாயை 1,40,000 கி.மீ. தூரத்தில் உரசிப் போனது. 22 மாதம்கூட இல்லை. சதர்லாந்து போன்ற இடங்களில் இரவுதோறும் வானத்தை அலசுவது இதற்காகத்தான்.

15. கடல் தண்ணியே வால்வெள்ளி கொண்டு வந்ததுதான்னு படிச்சேனே?

முழுசாக ஒப்புக்கொள்ள முடியாது. தண்ணீரில் மிகச் சிறு பங்கு கனநீர், அதாவது எடை கூடிய ஹைட்ரஜன் உள்ள தண்ணீர். அந்த விகிதம் கைரேகை மாதிரி. 67பியின் ஆவியில் அது நம் கடலைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. ஹார்ட்லி 2இல் கடலுக்கு நெருக்கமாக இருந்தது. ஆக, கொஞ்சம் வந்திருக்கலாம். பெரும்பகுதி சிறுகோள் போன்ற கற்களோடு வந்தது என்பதே இப்போது வலுவான கருத்து. 67பியில் கிளைசின் என்ற அமினோ அமிலம் கிடைத்தது; அதை வைத்து "உயிர் வந்தது" என்று சொல்வது அவசரம்.

16. டர்பன்ல இருந்து எப்படிப் பார்க்கிறது?

முதலில் வேளை. விடியற்காலை வால்வெள்ளி என்றால் டர்பன்காரர்களுக்கு யோகம்: கிழக்கே கடல், தொடுவானம் வரை மறைப்பில்லை. மாலை வால்வெள்ளி என்றால் மேற்கே நகர வெளிச்சமும் மேடும் தடுக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டிராக்கன்ஸ்பெர்க் பக்கம் போனால் நல்லது. கடலோரக் கோடையில் ஈரப்பதம் மங்கலாக்கும். உள்நாட்டில் குளிர்காலம்தான் தெளிவு.

கையை முழுதாக நீட்டி முட்டி பிடித்தால் அதன் அகலம் 10 பாகை. ஸ்டெல்லேரியம் செயலியில் வால்வெள்ளியின் பெயரைத் தேடி, தொடுவானிலிருந்து எத்தனை முட்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்து 40 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். 7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும். பெரிய தொலைநோக்கியில் பார்வைப் பரப்பு குறுகி, வால் வெட்டுப்படும். கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒருமுறை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. மங்கல் திட்டை நேராக உற்றுப் பார்க்காமல் கடைக்கண்ணால் பாருங்கள். கண்ணின் ஓரம் மங்கல் ஒளிக்குக் கூர்மை. லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் அந்த நேரத்து இருட்டு இதற்கு உதவும்.

17. 'ஒளித்தரம் 4, வெறுங்கண்ணுக்குத் தெரியும்'னு போட்டாங்க. ஒண்ணுமே தெரியலையே?

விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் குவிந்திருக்கும். வால்வெள்ளியின் ஒளித்தரம், பரந்த மூட்டம் முழுவதின் ஒளியையும் ஒரு புள்ளியில் திரட்டினால் எவ்வளவு என்ற கணக்கு. ஒரு கரண்டி நெய்யைச் சோற்றின் நடுவில் விடுவதும் அண்டா முழுக்கத் தடவுவதும் போல. ஆகவே ஒளித்தரம் 4 உள்ள வால்வெள்ளி, 4 உள்ள விண்மீனைவிட மிகவும் மங்கல். நகரத்தில் பைனாகுலர் இல்லாமல் வேண்டாம்.

இன்னொரு காரணம், முன்கணிப்பே தவறலாம். முதல்முறை சூரியனருகே வருவது எவ்வளவு ஆவி விடும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2013இல் ஐசான் பெரிதாகப் பேசப்பட்டு, நவம்பரில் சூரியனைச் சுற்றும்போதே சிதைந்தது. 2025 ஜனவரியின் ஜி3 சுற்றி முடித்த பிறகு கரு உடைந்து, தலையில்லா வாலாக நின்றது.

18. போன்ல படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். முக்காலி வேண்டும், இல்லையென்றால் சுவரில் அரிசிப் பையை வைத்துச் சாயுங்கள். புரோ முறையில் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, திறப்பு நேரம் 8 முதல் 10 நொடி, குவியம் முடிவிலி. தொட்டதும் அசைவதால் 3 நொடி டைமர் வையுங்கள். 15 நொடிக்கு மேல் போனால் விண்மீன்கள் கோடாக இழுபடும். பெரிதாக்க வேண்டாம், அடிவானத்து மரமோ கோபுரமோ சட்டத்தில் இருக்கட்டும், அளவு புரியும்.

19. சென்னையில இருக்கிற சொந்தக்காரங்களுக்கு ஏன் தெரியல? இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்சது நமக்கு ஏன் தெரியல?

வால்வெள்ளிகள் எந்தக் கோணத்திலிருந்தும் வரும். 2020இன் நியோவைஸ் வடவானில் இருந்தது, நமக்கு ஏமாற்றம். 2007இன் மெக்நாட்டும் 2025இன் ஜி3யும் சூரியனைச் சுற்றியபின் தெற்கே இறங்கின. மெக்நாட்டின் விசிறி வால் நமக்கே விருந்து. இரு ஊரிலும் தெரியும் ஒன்றைப் படமெடுத்து ஒப்பிட்டால் சாய்வு வேறாக இருக்கும். பூமியில் நாம் நிற்கும் கோணம் வேறு, அவ்வளவுதான்.

20. 3ஐ/அட்லஸ் வேற்றுக்கிரகக் கப்பல்னு வீடியோ வந்துச்சே?

கப்பல் அல்ல. 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லஸ் கண்ட வால்வெள்ளி. 'ஐ' என்றால் என்ன என்று 7இல் சொன்னோம்: 2017, 2019இல் வந்தவற்றுக்குப் பிறகு மூன்றாவது. சூரியனின் ஈர்ப்பு பிடித்துவைக்க முடியாத வேகம் என்பதால்தான் வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்தது. அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வெளியேறுவதை அளந்திருக்கிறார்கள். 2இல் சொன்ன அதே சரக்கு, விகிதம் மட்டும் வேறு. வேறொரு சூரியனின் மிச்சப் பனி நம் பக்கம் வந்து போவது, கட்டுக்கதை சேர்க்காமலே பெரிய செய்தி.

21. நான் ஒண்ணைக் கண்டுபிடிச்சா என் பேர் வைப்பாங்களா?

வைக்கலாம். இப்போது பெரும்பாலும் தானியங்கித் தொலைநோக்கிகள் முந்திக்கொள்கின்றன. ஆனாலும் 2019இன் போரிசோவ், தானே செய்த 65 செ.மீ. தொலைநோக்கியால் ஒரு தனி ஆர்வலர் கண்டது. சூரியனுக்கு அருகே, அந்தி வானத்தின் கீழ்ப்பகுதியில் தானியங்கிகள் சரியாகப் பார்ப்பதில்லை. அங்கே தேடுங்கள்.

மங்கலான திட்டு ஒன்று தெரிந்தால் உடனே அறிவிக்காதீர்கள். விண்மீன் கொத்தும் நெபுலாவும் அப்படியே தெரியும். பென்னட் இதற்காகவே, வால்வெள்ளி போல ஏமாற்றும் தென்வானப் பொருள்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தார். முதலில் அதில் பாருங்கள். பிறகு தெரிந்த வால்வெள்ளிகளின் பட்டியல். பிறகு லென்ஸ் பிரதிபலிப்பா என்று கேமராவைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். திட்டும் சேர்ந்து திரும்பினால் அது கண்ணாடியில் இருக்கிறது. ஒரு மணி நேர இடைவெளியில் இரு படம் எடுங்கள். விண்மீன்களுக்கு நடுவே அது நகர்ந்திருந்தால், இடத்தையும் நேரத்தையும் நொடி வரை குறித்து, முடிந்தால் அடுத்த இரவும் எடுத்து, உலக வானியல் ஒன்றியத்தின் வானியல் தந்தி மையத்துக்கு அனுப்புங்கள்.